சந்தாபுரா வரை

பெங்களூரில் டிராஃபிக்கைத் திட்டாத மனிதரை நான் பார்த்ததில்லை. நானும் நன்றாகத் திட்டுவேன். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி? திங்கள் முதல் சனி வரை தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றித் திட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். அன்றைக்கு சில்க் போர்டு சிக்னலில் வண்டிகள் அசையாமல் நின்றால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மழையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். பஸ்ஸில் இருக்கிற மற்றவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்துக்கொள்வேன்.

காரணம் என் மனைவி. அவள் தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. பள்ளி இருப்பது திருநெல்வேலிக்கும் மேற்கே, ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில். ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்பது அவள் உத்தரவு. பேப்பர்கூடப் படிக்காதவர்கள் இதை மட்டும் தேடிப் படித்துவிடுவார்களாம். அவளுடைய சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். வேலை கிடைத்தபோது, அவள் முறை வரும்போது மிச்சமிருந்த இடங்களில் அதுதான் கொஞ்சம் தேவலை என்று எடுத்துக்கொண்டாள். அப்போது என்னைத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன் என்பாள், என்னைச் சீண்டுவதற்காக.

கல்யாணம் பேசும்போது இரண்டு வீட்டாரும் ஒரே குரலில் சொன்னார்கள். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், மாறுதல் வாங்கிவிடலாம். யாருக்குத் தெரியும் யாரிடம் வாங்குவார்கள் என்று. அரசு வேலையை விடச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். தவளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங், எலக்ட்ரானிக் சிட்டியில். நடுவில் கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். பிறகு ஆபீசுக்கு வா, இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள்.

தமிழ்நாட்டு ஆசிரியை கர்நாடகத்துக்கு மாறுதல் கேட்க முடியாது. எவ்வளவு முட்டினாலும் ஓசூர்தான் எல்லை. ஓசூரில் ஒரு பள்ளிக்கு வந்துவிட்டால் போதும், இந்தப் பக்கம் வீடு எடுத்துக்கொண்டு அவள் அங்கே போய் வரலாம், நான் இங்கே போய் வரலாம், ராத்திரி இருவரும் ஒரே வீட்டில் சாப்பிடலாம். எங்கள் ஆசை அவ்வளவுதான். கிழமை எதுவென்று பார்க்காமல் ஒன்றாகச் சாப்பிட உட்கார வேண்டும். ஆனால் விலங்கியலுக்கு அந்தப் பக்கத்தில் இடம் காலியாவதே அபூர்வம்.

அதனால் அவள் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுவாள். சனிக்கிழமை காலையில் கண்கள் சிவந்து வந்து இறங்குவாள். ஞாயிறு சாயங்காலம் திரும்ப ஏறுவாள். திங்கள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கிக் குளித்துவிட்டு நேராக வகுப்புக்கு.

நீ ஏன் போகக் கூடாது என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. அவள் அங்கே இன்னும் இரண்டு ஆசிரியைகளோடு ஒரு வீட்டு மாடியில் இருக்கிறாள். வீட்டுக்கார அம்மாள் கண்டிப்பானவர். "புருஷனா இருந்தா என்ன, ஆம்பள ஆம்பளதானே" என்று சொல்லிவிட்டார். மற்ற இரண்டு பேரும் கல்யாணமாகாதவர்கள், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லாட்ஜில் தங்கலாம் என்றால் என் மனைவிக்கு வெட்கம். சொந்தப் புருஷனோடு லாட்ஜ் படியேறுவதை ஒரு மாணவன் பார்த்துவிட்டால் போதும், பிறகு இனப்பெருக்க மண்டலப் பாடத்தை எந்த முகத்தோடு நடத்துவது என்று கேட்டாள்.

முதல் முறை நடந்தது தற்செயல். பஸ் கிளம்பும் கலாசிபாளையத்தில் அவளை ஏற்றிவிடப் போனேன். பையை மேலே வைத்தேன், பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்தேன், ஏதோ பேச்சு. பஸ் கிளம்பிவிட்டது. கிளீனர் என்னைப் பார்த்து "சார், உங்க டிக்கெட்?" என்றான். நான் பதறி எழுந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு டிரைவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அண்ணே, இவர் மடிவாளாவில எறங்கிப்பார்."

மடிவாளா வரை போனேன். அடுத்த முறை பொம்மனஹள்ளி வரை. பிறகு எலக்ட்ரானிக் சிட்டி. கடைசியில் சந்தாபுரா வரைக்கும் போக ஆரம்பித்தேன். கர்நாடகத்துக்குள் அந்த பஸ் ஆள் ஏற்றும் கடைசி இடம் அதுதான். அதற்குப் பிறகு அத்திபெலே செக்போஸ்ட், ஓசூர், அப்புறம் பஸ் பறந்துவிடும். சந்தாபுராவில் இறங்கி, சாலையைக் கடந்து, சிட்டி பஸ் பிடித்து வீடு வந்து சேர்வேன். ஊர்க் கோடி வரை மனைவியை வழியனுப்புகிற ஆள் என்று டிரைவருக்கு நான் பழகிப்போனேன். அவர் தெற்கத்திக்காரர், பெரிய மீசை, குறைந்த பேச்சு. எனக்கு 'டிக்கெட் இல்லாத மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார். பிறகு அது சுருங்கி 'மாப்ள சார்' ஆகிவிட்டது.

பக்கத்து சீட் எப்போதும் என்னுடையதாக இருக்காது. பெண் தனியாகப் பதிவு செய்தால் பக்கத்து சீட்டைப் பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். அந்தப் பெண் மடிவாளாவிலேயே ஏறிவிட்டால் நான் எழுந்து டிரைவர் கேபினில் உள்ள பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக என் மனைவியின் தலையைப் பார்த்துக்கொண்டு போவேன். சந்தாபுராவில் ஏறுகிற பெண்ணாக இருந்தால் எங்களுக்கு யோகம். அந்தப் பெண்கள் யாரென்று தெரியாது, ஆனால் அவர்கள் நகரத்தின் அந்தக் கோடியில் குடியிருக்க வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டதுண்டு.

அந்த நேரத்தில் அப்படி என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் நாங்கள் பேசியதே இல்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் கை ஓயாது. எனக்கு மாவு அரைத்து வைப்பாள், குழம்பு வைத்து டப்பா டப்பாவாக ஃப்ரிட்ஜில் அடுக்குவாள், என் சட்டைகளைத் தேய்ப்பாள், நான் மறைத்து வைத்திருக்கும் அழுக்குத் துணியைக் கண்டுபிடித்துத் திட்டுவாள். நானே செய்துகொள்கிறேன் என்றால் கேட்க மாட்டாள். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் சேர்த்து மனைவியாக இருந்துவிட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போகும். மடியில் கிடக்கும். அப்போது நான் ஒரு கையை எடுத்து வைத்துக்கொள்வேன். பஸ்ஸுக்கு வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும், போலீஸ்காரர் "முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி" என்று கத்திக்கொண்டிருப்பார், யாரும் முன்னே போக முடியாது. உள்ளே அவள் பத்தாம் வகுப்பில் யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வருவாள். அந்த நெரிசலில்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம்.

சண்டையும் போட்டிருக்கிறோம். ஒருமுறை எலக்ட்ரானிக் சிட்டி தாண்டும்வரை அவள் என்னோடு பேசவில்லை. காரணம் மறந்துவிட்டது, அநேகமாக என் அண்ணியாக இருக்கும். சந்தாபுரா நெருங்கியபோது பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி பழுதாகி நின்றுவிட்டது. மொத்தச் சாலையும் நின்றது. அவள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "சரி, கடவுளே சமாதானத்துக்கு வந்துட்டார்" என்று சொல்லி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பிறகு நான் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தேன். அல்சூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு சந்தாபுராவுக்கு வீடு மாற்றினேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் சரியான முடிவு. என் ஆபீஸ் பக்கம். வாடகை குறைவு. மளிகைக் கடை முதல் மெக்கானிக் வரை தமிழ் பேசுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஓசூர் கைக்கெட்டும் தூரம். அவளுக்கு மாறுதல் வந்ததும் ஓட வேண்டியதில்லை, வீடு தயாராக இருக்கும். அவளும் வந்து பார்த்து, சமையலறை ஜன்னல் கிழக்கே பார்க்கிறது என்று சந்தோஷப்பட்டாள். பால்கனியில் நின்றால் ஓசூர் போகும் பஸ்கள் தெரியும். "இதுலதான் நான் போகப் போறேன்" என்று ஒவ்வொரு பஸ்ஸாகக் காட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு உறைத்தது. பஸ் அவளை ஏற்றிக்கொள்ளும் இடம் வீட்டிலிருந்து நடை தூரம். ஏற்றிவிட்டு நான் வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். பஸ் வந்தது, கிளீனர் அவள் பெயரைக் கூப்பிட்டான், அவள் ஏறினாள், பஸ் போய்விட்டது. டிரைவர் என்னைப் பார்த்து 'என்ன ஆச்சு' என்று கையால் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து தேய்த்து வைத்த சட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு வெறுமையை அல்சூரில் நான் அனுபவித்ததில்லை. அங்கே திரும்பி வரும்போது பயணக் களைப்பில் தூங்கிவிடுவேன்.

அடுத்த முறை அவள்தான் சொன்னாள். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"ஏங்க, கலாசிபாளையத்திலேயே போய் ஏறலாமா?"

"இங்கருந்து அங்க போயா?"

"ம்."

"திரும்ப அந்த பஸ் இந்த வழியாத்தானே வரும்?"

"தெரியும்."

கலாசிபாளையத்தை ஒட்டிய மார்க்கெட்டுக்குப் போகும் சிட்டி பஸ்ஸில் ஏறி நகரத்துக்குள் போனோம். அங்கே அவளுடைய பஸ்ஸில் இருவரும் ஏறி, போன வழியே ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்தோம். எங்கள் வீட்டுக்குப் போகும் தெருவைத் தாண்டித்தான் நிறுத்தம். நான் இறங்கினேன், அவள் போனாள். டிரைவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வீட்டு வாசலில் ஏற வேண்டிய பஸ்ஸுக்கு ஊருக்குள் போய் ஏறுகிற முட்டாள்கள் பெங்களூரில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்திருப்போம். அதுவே வழக்கமாகிவிட்டது.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் நாங்கள் பையோடு போவதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். "பஸ்ஸு இங்கயே நிக்குதேம்மா, எதுக்கு மார்க்கெட் பக்கம் போறீங்க?" என்றார். என் மனைவி கொஞ்சமும் தயங்காமல், "மாமியார் வீட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டுப் போறோம்க்கா" என்றாள். பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று தினமும் சொல்கிறவள். அந்த அக்கா அவளை எப்பேர்ப்பட்ட மருமகள் என்று தெருவெல்லாம் புகழ்ந்தார். நாங்கள் போகாத என் அம்மா வீடு அல்சூருக்குப் பக்கத்தில் மர்பி டவுனில் இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தால் எங்களுக்கு இருக்கிறது கச்சேரி.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது மாறுதல் கலந்தாய்வு வந்தது. ஓசூருக்குப் பக்கத்திலேயே ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியலுக்கு ஓர் இடம் காலி என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. நான் அந்தப் பள்ளி வாசலுக்கே ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல பெரிய வேப்பமரம், எதிரே ஜெராக்ஸ் கடை. அந்த மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக நான் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் எடுக்க நீ தெருவைக் கடந்தால் போதும் என்று அவளிடம் போனில் சொன்னேன். அவள், "வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க, கண்ணு பட்டுடும்" என்றாள்.

கலந்தாய்வு நடந்த வெள்ளிக்கிழமை ஆபீசில் போனை மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் தாண்டி அழைத்தாள்.

"போச்சுங்க."

"என்ன போச்சு?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்க எடுத்துட்டாங்க. என் பேரு வர்றப்ப அந்த இடம் இல்ல."

"சரி விடு. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"ம். இன்னிக்கு கெளம்பி வர்றேன். வச்சிடறேன்."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்னால் இருந்த அந்த ஆசிரியையும் யாரோ ஒருவருக்காகத்தான் ஓசூர் வர நினைத்திருப்பார். அதை எண்ணிப் பார்க்கும் பெருந்தன்மை அன்றைக்கு எனக்கு இல்லை. மனதுக்குள் அந்த முகம் தெரியாத அம்மாளைச் சரமாரியாகத் திட்டினேன்.

அந்தச் சனி, ஞாயிறில் அவள் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்தாள். பால்கனிப் பக்கம் போகவே இல்லை. ஞாயிறு மதியம் வழக்கம்போல மார்க்கெட் பஸ்ஸில் போனோம். எனக்கு இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கலாசிபாளையத்தில் பஸ் கிளம்பியது, மடிவாளாவில் நிறையப் பேர் ஏறினார்கள், எங்கள் பக்கம் யாரும் வரவில்லை. நல்லதாகப் போயிற்று, சந்தாபுராப் பெண்தான் என்று நினைத்துக்கொண்டேன். சில்க் போர்டில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே பஸ் நின்றபோது அவள் தோளில் தலையை வைத்தேன். தூங்கிவிட்டேன்.

தூங்குவது எனக்குப் புதிதல்ல. எப்போது தூங்கினாலும் சந்தாபுராவுக்கு முந்தின பொம்மசந்திரா வந்ததும் அவள் எழுப்பிவிடுவாள். மறந்தாலும் டிரைவர் இருக்கிறார். "மாப்ள சார், சந்தாபுரா வந்துட்டு" என்று முன்னாலிருந்து குரல் வரும்.

அன்று எந்தக் குரலும் வரவில்லை. நான் கண் விழித்தபோது பஸ் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் இருட்டு, தூரத்தில் மலை. பலகையில் கிருஷ்ணகிரி என்று தமிழில் எழுதியிருந்தது.

"ஏய், சந்தாபுரா போயிடுச்சு."

"தெரியும்."

"ஏன் எழுப்பல?"

"எழுப்ப மனசு வரல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காலில் வீட்டுச் செருப்பு, மேலே சாயம்போன டி-ஷர்ட், மறுநாள் காலையில் மீட்டிங், லேப்டாப் வீட்டில். எழுந்து டிரைவரிடம் போகப் பார்த்தேன். அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள், முதல் நாள் இழுத்த மாதிரியே.

"உக்காருங்க. இந்த சீட்டு உங்களுதுதான். ரெண்டு டிக்கெட்டும் நான்தான் போட்டேன். வெள்ளிக்கிழமயே போட்டுட்டேன்."

"சொல்லலாமில்ல?"

"சந்தாபுராவில சொல்லலாம்னு இருந்தேன். முன்னாடியே சொன்னா மாட்டேன்னுடுவீங்க. அப்புறம் நீங்க தூங்கிட்டீங்க. தூங்குறவர் மாட்டேன்னு சொல்ல முடியாதில்ல?"

பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "இன்னிக்கு தனியா போக முடியாதுன்னு தோணுச்சு. ஓசூரத் தாண்டுறப்ப கூட யாராவது இருக்கணும்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஓசூரைத் தாண்டியபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் தோளில்தான் இருந்திருக்கிறேன். ஆபீசுக்குக் காய்ச்சல் என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் காலை மடக்கி உட்கார்ந்தேன். முன்னாலிருந்து டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னைக்குத்தான் மாப்ள சார் மரியாதையா டிக்கெட் எடுத்திருக்காரு" என்றார். அதன் பிறகு அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்; சேலம், மதுரை எதுவும் என் கண்ணில் படவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் பஸ்ஸில் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காலையில் அவள் ஊரில் இறங்கினோம். மேற்கே மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. அவள் என்னைப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு மாடி வீட்டுக்குப் போனாள். நான் ஆற்றில் குளித்தேன். கடையில் ஒரு சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவள் பள்ளிக்குப் போகும் வழியில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

தெருக்கோடியில் அவள் வருவது தெரிந்தது. நீலப் புடவை, ஈரத் தலை, தோளில் பை, வேகமான நடை. எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. வழியில் சைக்கிளில் போன பையன்கள் "வணக்கம் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பூக்காரம்மாளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். தபால் கொண்டு வந்தவர் வண்டியை நிறுத்தி அவளிடம் தன் மகள் மார்க்கைப் பற்றிப் பேசினார். எனக்குத் தெரிந்தவள் களைத்து வந்து இறங்குகிறவள், குனிந்து வேலை செய்கிறவள், மடியில் கையைப் போட்டுக்கொண்டு போகிறவள். இவளோ திங்கட்கிழமைக்காரி. யாரோ ஒரு அழகான டீச்சர். நான் இவளைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறேன், ஆனால் பார்த்ததே இல்லை. இவளோடு வாழ வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை வந்தது.

பள்ளி வாசல் வரை கூட நடந்தேன். இரட்டைச் சடை போட்ட ஒரு மாணவி "சார் யாரு மிஸ்?" என்றாள். "எங்க வீட்டு சார்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். காது மட்டும் சிவந்திருந்தது.

பகல் முழுவதும் அந்த ஊரில் சுற்றினேன். அவள் சாப்பிடும் மெஸ், அவள் மருந்து வாங்கும் கடை, மழைக்கு ஒதுங்குவதாகச் சொன்ன மண்டபம் எல்லாவற்றையும் பார்த்துவைத்தேன். இனி அவள் போனில் சொல்லும்போது எனக்கு இடம் தெரியும். இருந்துவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். இருந்து என்ன வேலை செய்வது? அந்த ஊரில் டெஸ்ட் செய்ய எதுவும் இல்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அதே பஸ், அதே டிரைவர். நான் ஏறி உட்கார்ந்ததும் அவளும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடைசி ஸ்டாப் வரைக்கும் வர்றேன். ஆத்துப்பாலம் தாண்டி ஒரு எடத்துல ஆள் ஏத்துவாங்க. அங்க எறங்கி டவுன் பஸ்ல வந்துடறேன்."

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "சரிதான், இன்னைக்கு டீச்சரா டிக்கெட் இல்லாம?" என்றார்.

பஸ் கிளம்பியது. கடைத்தெருவில் வண்டிகளே இல்லை. நான் ஜன்னலில் பார்த்தபடி இருந்தேன், பயந்தபடி என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு மாட்டு வண்டிகூடக் குறுக்கே வரவில்லை. சிக்னல் என்ற பேச்சே இல்லாத ஊர். பஸ் ஸ்டாண்டு போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று, அவள் சாப்பிடும் மெஸ் போயிற்று. எங்கள் ஊரில் ஒரு சிக்னலைக் கடக்கும் நேரத்தில் அவள் ஊர் முழுவதும் முடிந்துவிடும் போலிருந்தது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முன்னாடி ரயில்வே கேட் இருக்கு. இந்நேரத்துக்கு செங்கோட்டை வண்டி வரும். எப்பவும் போட்டுருவான். எல்லாரும் திட்டுவாங்க. ரொம்ப நேரம் நிக்கும்."

"நிக்குமா?"

"நிக்கும். பாருங்க."

சாலை வளைந்தது. கேட் தெரிந்தது. இரண்டு கம்பங்களும் வானத்தைப் பார்த்து நின்றன. பஸ் தண்டவாளத்தில் குலுங்கி, தாண்டி, பாலத்தில் ஏறியது. அவள் என் கையை இறுக்கினாள்.

பாலம் முடிந்ததும் பஸ் நின்றது. குடும்பமாக நாலு பேர் மூட்டைகளோடு ஏறினார்கள். டிரைவர் திரும்பிப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார்.

"டீச்சர், எறங்கணும்."

அவள் எழுந்தாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். இறங்கினாள். இத்தனை காலமும் இறங்குகிறவனுக்குத்தான் கஷ்டம், போகிறவளுக்குப் பயணம் இருக்கிறது, புதுசு புதுசாக ஊர் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து இன்னொருவர் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்து சீட்டில் அவள் உட்கார்ந்த சூடு இன்னும் இருந்தது. கையை அதன் மேல் வைத்துக்கொண்டேன்.

ஊர் எல்லை தாண்டும்போது அவளிடமிருந்து போன் வந்தது.

"எங்க இருக்கே?"

"பஸ் உடனே கெடச்சுது. கேட்டுல நிக்கறோம். போட்டுட்டான்."

"இப்பவா?"

"இப்பதாங்க. நாங்க வர்றப்பதான் எறக்குறான்."

யாரோ வண்டி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது போனில் கேட்டது. யாரோ கேட்காரனைத் திட்டினார்கள். பிறகு ரயில் வந்தது. அது பெட்டி பெட்டியாக முழுதும் போய் முடியும்வரை இருவரும் போனைக் காதில் வைத்திருந்தோம்.

"தூக்கிட்டான்" என்றாள். "கெளம்புது. வச்சிடட்டுமா?"

"வச்சிடு" என்றேன்.